நூற்றுப் பதினான்கு மில்லிமீட்டர் ஜாடி

என் பெட்டியை முதன்முதலில் எடை போட்டது களிமண் மூட்டை நிறுக்கிற தராசு. பிப்ரவரி மாதம், வெள்ளிக்கிழமை, காலை எட்டு மணி. விருத்தாசலம் தொழிற்பேட்டையில் கயல்விழியின் மாமா நடத்தும் பொம்மைப் பட்டறை. விமானத்தில் இருபத்து மூன்று கிலோவுக்குத்தான் அனுமதி. முள் இருபத்தைந்தரையில் போய் நின்றது.

கயல் யோசிக்கவே இல்லை. பெட்டியைத் திறந்து என் பாடப்புத்தகங்கள் இரண்டைத் தூக்கி வெளியே வைத்தாள். முறுக்கு டப்பாவைத் தொடவில்லை.

"அங்க லைப்ரரி இருக்கும்டி. முறுக்கு இருக்குமா?"

நானும் கயலும் செராமிக் படிப்பில் ஒரே வகுப்பு. எங்கள் கல்லூரிக்கும் போர்ச்சுகல் நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கும் இடையே மாணவர் பரிமாற்ற ஒப்பந்தம் புதிதாக வந்திருந்தது. ஒரு பருவம், அதாவது ஐந்து மாதம், அங்கே போய்ப் படிக்கலாம். விமான டிக்கெட்டிலிருந்து சாப்பாடு வரை எல்லாம் உதவித்தொகையில். தேர்வுப் பட்டியலில் நான் முதல். அரை மதிப்பெண் குறைந்து கயல் இரண்டாவது. இந்தத் தடவை ஒருவருக்குத்தான் இடம். நான் அங்கே செய்கிற இறுதி வேலையை அவர்கள் ஏற்றுக்கொண்டால் அடுத்த பருவத்துக்கு இன்னொரு இடம் திறக்கும், அது கயலுக்கு. ஏற்காவிட்டால் ஒப்பந்தம் அத்தோடு முடிந்தது. குஜராத்தில், மோர்பியில் ஒரு டைல்ஸ் கம்பெனி அவளுக்கு வேலை கொடுத்திருந்தது. ஜூலையில் பதில் சொல்கிறேன் என்று அவர்களை நிறுத்தி வைத்திருந்தாள்.

ஜங்ஷனில் அப்பா என் பெட்டியை ஏற்றிவிட்டு, தண்ணீர் பாட்டில் வாங்கப் போயிருந்த நேரத்தில் கயல் ஜன்னலோரம் வந்தாள். "ஒழுங்கா செஞ்சு குடுத்துட்டு வா. எனக்கு குஜராத்தி தெரியாது" என்றாள். வண்டி நகர்ந்தது. விருத்தாசலத்திலிருந்து எழும்பூருக்கு இருநூற்றுச் சொச்சம் கிலோமீட்டர். அவ்வளவு தூரமும் அந்த ஒரு வாக்கியம் எதிர் சீட்டில் உட்கார்ந்துகொண்டு வந்தது.

மறுநாள், பகல் பன்னிரண்டே முக்கால்: லிஸ்பன். துபாயில் விமானம் மாறியதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, தூங்கிவிட்டேன். விமான நிலையத்திலிருந்து மெட்ரோவில் மூன்றாவது நிறுத்தம் ஓரியென்ட் ரயில் நிலையம். அங்கிருந்து அவெய்ரோ நகரத்துக்குச் சுமார் இருநூற்றைம்பது கிலோமீட்டர், டிக்கெட் இருபத்திரண்டு யூரோ, இரண்டேகால் மணி நேரம். வழியெல்லாம் யூகலிப்டஸ். நெய்வேலி பக்கம் பஸ்ஸில் போகிற மாதிரி இருந்தது, குளிரைத் தவிர.

அவெய்ரோவை நெருங்கும்போது உப்பளங்கள். மரக்காணத்தில் பார்ப்பதைப் போலவே பாத்தி பாத்தியாக, கரையில் வெள்ளைக் குவியல். பக்கத்து இருக்கை அம்மாள் என்னிடம் ஏதோ கேட்டார். எனக்குப் போர்ச்சுகீஸ் தெரியாது, அவருக்கு ஆங்கிலம் தெரியாது. ஜன்னலைக் காட்டி, என் நெஞ்சைத் தொட்டு, "எங்க ஊர்லயும் இருக்குது" என்று தமிழிலேயே சொன்னேன். தலையை ஆட்டி ஒரு ஆரஞ்சுப் பழம் கொடுத்தார்.

நான் தங்க வேண்டிய ஊர் அங்கிருந்து ஐந்தாறு கிலோமீட்டர் தள்ளி, இல்யாவு. பல்கலைக்கழகத்தின் செராமிக் பட்டறை அங்கேதான். ஊர் சின்னது. விருத்தாசலத்தில் பாலக்கரையிலிருந்து ஜங்ஷன் வரை நடக்கிற நேரத்தில் முழுதாகச் சுற்றிவிடலாம். வீட்டுச் சுவர்களுக்கு வெளிப்பக்கம் டைல்ஸ் ஒட்டியிருக்கிறார்கள், நீலமும் பச்சையும் மஞ்சளுமாக. நம் ஊரில் குளியலறைக்குள் ஒளித்து வைப்பதை இவர்கள் தெருவுக்குக் காட்டுகிறார்கள். மழை பெய்தால் தெருவே அலம்பி விட்டதுபோல மின்னுகிறது. முதல் வாரம் அண்ணாந்து பார்த்து நடந்ததில் இரண்டு தடவை விளக்குக் கம்பத்தில் முட்டிக்கொண்டேன்.

நான் வாடகைக்கு இருந்த அறை லூர்திஸ் என்கிற விதவை அம்மாளின் பழைய வீட்டு மாடி. நுழைந்ததும் கரண்ட் மீட்டர் பக்கத்தில் வெள்ளைப் பீங்கானில் ஃபியூஸ் கட்டைகள். விருத்தாசலத்துக்காரிக்கு அதைப் பார்த்ததும் எப்படி இருக்கும்! எங்கள் தொழிற்பேட்டையில் பொம்மைக்கு அடுத்தபடி செய்வதே அதுதான். கைப்பெட்டியைக்கூடக் கீழே வைக்காமல் அதைத் தடவிப் பார்த்தேன். லூர்திஸ் அம்மாள் பதறிப்போய் மெயினை அணைத்தார். இந்தியாவில் மின்சாரம் கிடையாதா என்று அன்று மாலை தன் மகளிடம் போனில் விசாரித்ததாகப் பிறகு தெரிந்தது.

மார்ச், ஏப்ரல், மே ஓடிவிட்டன. மாணவர் உணவகத்தில் சூப்பு, மீன், சோறு, ஒரு பழம், மூன்று யூரோவுக்குள். காப்பி தொண்ணூறு சென்ட். ஜங்ஷன் காப்பியில் கால்வாசி அளவு, நான்கு மடங்கு கசப்பு. முறுக்கு எட்டே நாளில் தீர்ந்தது. அதில் பாதிக்கு மேல் தின்றவள் இனேஷ். என்னோடு இறுதி வேலையில் ஜோடி சேர்க்கப்பட்டவள், இல்யாவுக்காரி, எதையும் இரண்டு தடவை அளக்கிறவள்.

எங்கள் வேலை உப்பு ஜாடி. உடல் என்னுடையது, மூடி அவளுடையது. மூடி ஜாடியின் கழுத்துக்கு வெளியே தொப்பி மாதிரி கவிய வேண்டும். கழுத்தின் அகலம் நூறு மில்லிமீட்டர் என்று பேசி வைத்தோம். அவரவர் வரைபடத்தைக் கொடுத்தால் ருய் என்கிற பட்டறைத் தொழில்நுட்பர் கணினியில் ஏற்றி, எந்திரத்தில் மாதிரி குடைந்து, பிளாஸ்டர் அச்சு எடுத்துக் கொடுப்பார். நாங்கள் அதில் மண் கூழை ஊற்றி வார்த்து, சூளையில் சுட வேண்டும்.

இங்கே எங்கள் தொழிலைப் பற்றி ஒரு விஷயம். மண் காய்ந்து சூளையில் வேகும்போது சுருங்கும். நூறு மில்லிமீட்டர் வேண்டுமானால் அச்சு நூற்றுப் பதினான்கு இருக்க வேண்டும். விருத்தாசலத்தில் அச்சுக்காரர் ஒருவரே இருபது முப்பது பட்டறைகளுக்கு வேலை செய்வார். ஒவ்வொரு பட்டறையின் மண்ணும் ஒவ்வொரு விதமாகச் சுருங்கும். அதை அவர் எங்கே நினைவில் வைப்பார்? ஆகவே சுருங்குவதை நாமே கூட்டிக்கொண்டு, அச்சின் அளவைத்தான் அவரிடம் சொல்வோம். சுட்ட அளவைச் சொல்கிறவன் கத்துக்குட்டி. நான் கத்துக்குட்டி இல்லையே! வரைபடத்தில் ஜம்மென்று 114 என்று எழுதிக் கொடுத்தேன்.

இல்யாவில் சுட்ட அளவைத்தான் எழுதுவார்கள். சுருங்குவதைக் கணினி கூட்டிக்கொள்ளும். என் 114-க்கு மேலும் அது கூட்டிவிட்டது. ருய் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்க அவருக்குக் காரணமும் இல்லை.

ஜூன், செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பதரை. சூளையைத் திறந்தோம். ஜாடி வெள்ளை வெளேரென்று, ஒரு கீறல் இல்லாமல் வந்திருந்தது. இனேஷ் தன் மூடியைக் கொண்டுவந்தாள். நீல மீன்கள் வரைந்த மூடி, மூன்று வார வேலை. வைத்துப் பார்த்தாள். பெரிய ஆள் தலையில் குழந்தைக் குல்லா மாதிரி உச்சியில் உட்கார்ந்தது.

அவள் அளந்தாள். மறுபடி அளந்தாள். நூற்றுப் பதினான்கு. வரைபடத்தை எடுத்துவந்து என் கையெழுத்தைக் காட்டினாள். அவள் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அவளோ மூடியைத் துணியில் சுற்றி அலமாரியில் வைத்தாள். மறுவாரம் வெள்ளிக்கிழமை பார்வைக்கு வைக்க வேண்டும். புது மாதிரி குடையலாமென்றால் எந்திரம் மாத இறுதிவரை மற்ற மாணவர்களுக்கு ஒதுக்கியாகிவிட்டது.

பத்தரைக்குப் பட்டறைக்குப் பின்னால் போய் நின்று கயலைப் போனில் கூப்பிட்டேன். விருத்தாசலத்தில் அப்போது மாலை மூன்று. பின்னணியில் மண் கலக்கும் எந்திரத்தின் கடகடப்பு கேட்டது. சொல்லி முடித்தேன்.

"அடிப்பாவி. அச்சளவையா எழுதிக் குடுத்த?"

"பழக்கத்துல வந்துட்டுது."

மோர்பி கம்பெனிக்கு இன்றே பதில் எழுதிவிடு, என்னை நம்பாதே என்றேன். அதை அவள் காதில் வாங்கவில்லை. கழுத்து எத்தனை மில்லிமீட்டர் வந்திருக்கிறது என்று கேட்டாள். சொன்னேன்.

"நல்லா வந்துருக்குதா? கீறல் ஒண்ணும் இல்லியே? இந்நேரம் நம்ம ஊரா இருந்தா அத எவனாவது தூக்கிக்கினு போயி அச்சு எடுத்துருப்பான். ஒனக்கு வராத நூறு, அந்தத் திருட்டுப் பயலுக்கு கரெக்டா வந்துருக்கும்."

என்னைக் கிண்டல் செய்யத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு நிறுத்தினாள். மண் எந்திரம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"ரேவதி," என்றாள் மெதுவாக, "நீயே திருடுடி."

கொலு சமயத்தில் எங்கள் ஊரில் நடப்பது இது. ஒரு பட்டறை புதுப் பொம்மை போடும். இன்னொரு பட்டறைக்காரர் கடையில் ஒன்றை விலைக்கு வாங்கி, அதையே மாதிரியாக வைத்து அச்சு எடுத்துவிடுவார். ஆனால் சுட்ட பொம்மையிலிருந்து எடுத்த அச்சில் வார்த்தால், அது இன்னொரு முறை சுருங்கும். திருட்டுப் பொம்மை எப்போதும் ஒரு சைஸ் சின்னது. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் யார் யாரிடம் திருடினார் என்று பள்ளிக்கூடப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். மூடியை வளர்க்க முடியாது. ஜாடியைச் சுருக்கலாம். நூற்றுப் பதினான்கு சுருங்கினால் சரியாக நூறு.

இனேஷிடம் சொன்னபோது அவள் முதலில் கேட்டது, இது அனுமதிக்கப்பட்டதா என்று. எங்கள் ஊரில் இதற்காகச் சட்டையைப் பிடித்துச் சண்டை நடக்கும் என்றேன். யாருடையதைத் திருடுகிறோம் என்றாள். நம்முடையதைத்தான் என்றேன். அவள் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு பிளாஸ்டர் மூட்டையைத் தூக்கி வந்தாள்.

ஜாடிக்குச் சோப்புத் தண்ணீர் தடவி, அன்றே இரண்டு பாகமாக அச்சு எடுத்தோம். வெள்ளிக்கிழமைக்குள் அச்சு காய்ந்தது. வார்த்தோம். திங்கட்கிழமை முதல் சூடு, புதன்கிழமை மெருகு பூசி இரண்டாம் சூடு. வியாழன் காலை சூளைக் கதவைத் திறக்கும்போது இனேஷ் மூடியைக் கையிலேயே வைத்திருந்தாள். கவிழ்த்தாள். "டக்" என்று ஒரு சின்னச் சத்தம். அவ்வளவுதான். அவள் அளக்கக்கூட இல்லை.

வெள்ளிக்கிழமை காலை பதினொன்று. இறுதி வேலைகளை மதிப்பிடுகிற பேராசிரியர் ஜாடியைக் கையில் எடுத்துத் திருப்பினார். ஜாடியின் தோளில் கூர்மையாக இருக்க வேண்டிய வரி ஏன் மழுங்கியிருக்கிறது என்று கேட்டார். திருட்டு அச்சு அப்படித்தான் காட்டிக்கொடுக்கும். மெருகு கொஞ்சம் தடித்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம்; நம்பக்கூடிய பதில்தான். எனக்குக் கயல் ஞாபகம் வந்தாள். நான் பொய் சொல்லி வாங்கிக் கொடுக்கிற இடத்தில் அவள் வந்து ஐந்து மாதம் எப்படி இருப்பாள்? மேசைக்கு அடியில் மறைத்து வைத்திருந்த பெரிய ஜாடியை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். 114 எழுதியதையும், எங்கள் ஊர்த் திருட்டையும், போனில் கயல் சொன்னதையும் வரிசையாகச் சொன்னேன். நடுவில் என் ஆங்கிலம் மூன்று தடவை தடுக்கியது.

பேராசிரியர் சிரிக்கவில்லை. இரண்டு ஜாடிகளையும் அளந்தார். ஏதோ எழுதினார். நன்றி என்று சொல்லி அடுத்த மேசைக்குப் போய்விட்டார். நான் மதியம் சாப்பிடவில்லை.

மாலை நான்கு மணிக்கு அறிக்கை வந்தது. ஒரு பக்கம். என் தவறு, எந்திர நேரம் வீணானது, மழுங்கிய வரி, எல்லாம் இருந்தன. கடைசி வரி இது: "செப்டம்பரில் விருத்தாசலத்திலிருந்து வரும் மாணவி அளவுகளை எந்த நிலையில் தருகிறார் என்பதை முதல் நாளே கேட்டுக் குறித்துக்கொள்ளவும்."

அதை நான்கு தடவை படித்த பிறகுதான், எந்த மாணவி என்பது எனக்கு உறைத்தது.

ஜூலையில் கிளம்பினேன். லூர்திஸ் அம்மாள் பழைய ஃபியூஸ் கட்டை ஒன்றைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார், புதிதாக மாற்றிவிட்டாராம். இனேஷ் ரயிலடிக்கு ஒரு சின்னப் பொட்டலத்தோடு வந்தாள். உள்ளே எங்கள் ஜாடி, எண்பத்தெட்டு மில்லிமீட்டர். என்னிடம் சொல்லாமல் நூறிலிருந்து அச்சு எடுத்திருக்கிறாள். மூடியையும் அப்படியே எடுத்திருந்தாள். இரண்டும் சேர்ந்து சுருங்கியதால் தகராறு இல்லை. பெருமையில் அவளுக்கு முகம் சிவந்திருந்தது. ரயில் உப்பளங்களைத் தாண்டும்வரை அதை மடியில் வைத்திருந்தேன். ஊர்களைப் பிரிகிறபோது அழுகை வரும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். எனக்கு வந்தது சிரிப்பு.

விருத்தாசலத்தில் கயலின் மாமாவிடம் ஜாடியைக் காட்டி, எப்படிச் செய்தோம் என்று விவரித்தேன். "நாங்க அந்த மாதிரியெல்லாம் எடுக்கறதில்லம்மா" என்றார் மாமா. அவர் தலைக்கு மேல் அலமாரியில் இருபது தவழும் கிருஷ்ணர்கள், சந்தையில் விற்பதைவிட எல்லாருமே ஒரு விரற்கடை குட்டை.

செப்டம்பர், காலை எட்டு மணி. அதே தராசு. கயலின் பெட்டி இருபத்து மூன்றே முக்கால். நான் அவளுடைய புத்தகம் ஒன்றை எடுத்து வெளியே வைத்தேன். உள்ளே துணிகளுக்கு நடுவே ஒரு காகிதப் பொட்டலம். பிரித்துப் பார்த்தால் ஜாடி. ஒரு உள்ளங்கைக்குள் அடங்கிவிட்டது, மூடியோடு. நான் கொண்டுவந்ததை ஒரு வாரம் பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று அவள் ஆகஸ்டில் வாங்கிப்போனது நினைவுக்கு வந்தது.

"எழுவத்தேழு," என்றாள் கயல். "நம்ம மண்ணு. அந்த இனேஷு பொண்ணுக்கு. எதுவும் சொல்ல மாட்டேன், அவளே அளந்து பாத்துக்கட்டும்."

பொட்டலத்தைப் பழையபடி சுற்றி வைத்தேன். முள் இருபத்து மூன்றில் நின்றது.