என் வீட்டுக்காரரின் இன்டர்நெட் ரேடியோ

என் வீட்டுக்காரருக்கு யாரோ ஒருத்தி இருக்கான்னு எனக்குச் சந்தேகம் வந்ததே இன்டர்நெட் ரேடியோவாலதான்.

ரிடையர் ஆகி வீட்ல உக்காந்த மனுஷன், போன்ல ஒரு ஸ்டேஷனைப் பிடிச்சுக்கிட்டார். பழைய தமிழ்ப் பாட்டு, நடுநடுவுல அவர் காலேஜ் காலத்து இங்கிலீஷ் பாப் பாட்டு. நாள் முழுக்க ஓடும். டிவி சீரியலுக்கு இது எவ்வளவோ மேல்னு நானும் விட்டுட்டேன். ஆனா சத்தமா வெக்க மாட்டார். ரெண்டு காதுலயும் இயர்போன். பாட்டு கேக்கறதுல அப்படி என்ன ரகசியம்? ஊருக்கே கேக்கற மாதிரி ஹால்ல ரேடியோவை அலற விட்டவர்தானே இவர்?

கூப்பிட்டாத் திரும்ப மாட்டார். முன்னாடி போய் நின்னா மட்டும் இயர்போனைக் கழட்டி, "பாட்டுல இருந்துட்டேன்"னுவார். ஒரு நாள் குக்கர் விசிலை எண்ணச் சொல்லிட்டுக் குளிக்கப் போனேன். வந்து பார்த்தா பருப்பு கருகிக் கிடக்கு. அன்னிக்கு நான் போட்ட கூச்சல்ல கீழ் வீட்டுக்காரங்க மாடி ஏறி வந்துட்டாங்க. அவர் பாட்டுக்குச் சிரிச்சுக்கிட்டு நின்னார். எனக்குப் பத்திக்கிட்டு வந்தது.

அப்புறம்தான் அந்த ரேடியோ ஆப்ல இருந்த சாட்டிங்கைப் பார்த்தேன். ஆப்ல பாட்டு ஓடும்போதே, கேக்கறவங்க கீழ டைப் பண்ணிப் பேசிக்கலாமாம். அவர் போனை சார்ஜ்ல போட்டுட்டுக் கடைக்குப் போன நேரத்துல எடுத்துப் படிச்சேன். தப்புதான், யார் இல்லேன்னது?

செம்பருத்திப் பூ போட்டோ வெச்ச ஒரு பொம்பளை. இவர், "இப்ப என்ன பாட்டு மேடம்?"னு கேக்கறார். அவ பாட்டோட முதல் வரியை எழுதறா. "ஆரம்பத்துல வயலின் சார், அப்புறம் எல்லாம் நின்னுடுது, இப்ப பெண் குரல் மெதுவா வருது"ன்னு ஒவ்வொண்ணா வர்ணிக்கறா. இவர் "அடடா!"ங்கறார். திரையைத் தள்ளத் தள்ள இதே கதை. எனக்கு வயித்தெரிச்சல். காதுல பாட்டை மாட்டிக்கிட்டு உக்காந்திருக்கற ஆளு, என்ன பாட்டுன்னு இன்னொருத்திகிட்ட எதுக்குக் கேக்கணும்? இதுல ஏதோ உள்குத்து இருக்கு. என்கிட்ட நாளைக்கு நாலு வார்த்தை பேசாதவர் அவகிட்ட நாள் முழுக்க டைப் பண்றாரே!

வெள்ளிக்கிழமை தவறாம பல்லாவரம் சந்தைக்குப் போவார். செடி வாங்கறேன்னுவார், பாதி நாள் வெறுங்கையோட வருவார். அங்கதான் சந்திக்கறாங்கன்னு முடிவே பண்ணிட்டேன். நான் வேலை பார்க்கற ஸ்கூல்ல அரை நாள் லீவு சொல்லிட்டு, தாம்பரத்துல அவர் ஏறின அதே ட்ரெயின்ல லேடீஸ் பெட்டியில ஏறினேன். இந்த வயசுல புருஷனை வேவு பார்க்க வேண்டியிருக்கேன்னு அவமானமா இருந்தது. அழுகையும் வந்தது, பொய் சொல்லல. நிஜமாவே ஒருத்தி இருந்துட்டா நான் எங்க போறது, பொண்ணுகிட்ட என்னன்னு சொல்றதுன்னு குரோம்பேட்டை தாண்டற வரைக்கும் யோசிச்சேன்.

சந்தையில ஒருத்தியும் இல்ல. ரோஜாச் செடிக் கடை முன்னாடி, வழியை அடைச்சுக்கிட்டுத் தனியா நின்னுக்கிட்டிருந்தார். பின்னால ஒரு லோடு வண்டி, ஹாரன் மேல ஹாரன். "யோவ் பெர்சு! எவ்ளோ நேரமா கத்திக்கினு கீறேன், நவுருய்யா!" மொத்த ஜனமும் ஒதுங்குது, இவர் அசையல. நான் ஓடிப்போய்ச் சட்டையைப் பிடிச்சு இழுத்தேன்.

"அப்படி என்ன பாட்டு வேண்டிக்கிடக்கு?"ன்னு ஒரு இயர்போனைப் பிடுங்கி என் காதுல வெச்சேன். ஐயோ! மண்டையே பிளந்துடும் போல அலறுது. உடனே எடுத்துட்டேன். இவ்வளவு சத்தம் இவர் காதுலயா இருந்தது? நிமிர்ந்தா, அவர் என் உதட்டையே பார்த்துக்கிட்டிருந்தார். அப்பதான் எனக்கு உறைச்சது.

"எத்தனை நாளா?"ன்னேன்.

"ரெண்டு வருஷம் இருக்கும்"னார். "மேளம் மட்டும் லேசாத் தெரியுது. எந்தப் பாட்டுன்னு பிடிபடல. இதை மாட்டிக்கிட்டா, ஏதோ பாட்டு கேக்கறான்னு விட்டுடறாங்க. செவிடன்னு யாரும் சொல்றதில்ல."

"அப்போ அவளுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. அப்படித்தானே?" இன்னும் ஆத்திரம் அடங்கல எனக்கு.

ரோஜாச் செடியைப் பார்த்துக்கிட்டே சொன்னார். "உன்னை ரெண்டாவது தரம் 'என்ன'ன்னு கேட்டா, 'ஒண்ணுமில்ல, விடுங்க'ன்னுட்டுப் போயிடற. அவங்க எத்தனை தரம் கேட்டாலும் எழுதறாங்க."

எத்தனை 'ஒண்ணுமில்ல' சொல்லியிருப்பேன்! காபி ஆறுதுன்னு சொன்னது, பொண்ணு போன் பண்ணினான்னு சொன்னது, முட்டி வலிக்குதுன்னு சொன்னது. திரும்பச் சொல்லச் சலிச்சுக்கிட்டு எல்லாத்தையும் அதோட முடிச்சிருக்கேன். தலையைக் குனிஞ்சுக்கிட்டு, "தப்பு என்மேலதான்"னு முணுமுணுத்தேன்.

"என்ன?"ன்னார்.

'ஒண்ணுமில்ல' நாக்கு நுனி வரைக்கும் வந்துடுச்சு. முழுங்கினேன். அவர் முகத்துக்கு நேரா நின்னு, சந்தையே திரும்பிப் பார்க்கற மாதிரி கத்தினேன்: "தப்பு என்மேலதாங்க!"