ஒன்பதாம் பக்கத்து விதி

ஞாயிற்றுக்கிழமை மதியம் கறிச்சோறு தின்றுவிட்டு ஊரே கண்ணயரும் நேரத்தில், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பதினெட்டுப் பேரிடம் திட்டு வாங்குவதற்குப் பெயர்தான் ஆன்லைன் கார் பந்தய நடுவர் வேலை. தெரு கிரிக்கெட்டுக்கு அம்பயராக நின்று நொந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். மற்ற நாட்களில் கள்ளக்குறிச்சியில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்துப் பிழைக்கிறேன்.

அவரவர் வீட்டில் பொம்மை ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்தால், திரையில் எல்லோருடைய காரும் ஒரே பாதையில் ஓடும். வேகக் கார்கள் ஒரு ரகம், சின்னக் கார்கள் ஒரு ரகம். ரகத்துக்கு ஒருவர் முதலிடம். வேகக் கார்கள் சுற்றுக்குச் சுற்று சின்னக் கார்களைத் தாண்டியாக வேண்டும். வம்பு அங்கேதான்.

இடது பக்கம் ஒதுங்கியவர்

ஏழுமலை அண்ணன் கச்சிராயபாளையத்தில் கரும்பு டிராக்டர் ஓட்டுகிறார். என் கடையில் பழைய ஸ்டியரிங் ஒன்று வாங்கிப்போய், சின்னக் கார் ரகத்தில் சேர்ந்தார். முதல் பந்தயத்தில் பின்னால் செந்திலின் வேகக் கார் வந்ததும், பெருந்தன்மையாக இடது பக்கம் புல்லில் இறங்கினார். செந்தில் பேங்கில் வேலை பார்ப்பவன். அவனும் அதே இடது பக்கமாகத் தாண்டிவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தான். இரண்டு காரும் ஒன்றாகப் போய்ச் சுவரில் முட்டி நின்றன.

மெதுவாகப் போகிறவர் தன் போக்கில் நேராகப் போனால் போதும், தாண்டுகிறவன்தான் வழி பார்த்துக்கொள்ள வேண்டும். இதை வாயால் சொல்லாமல் சட்டமாக எழுதிவிடலாம் என்று என் புத்தி போயிற்று. ஏழுமலை அண்ணன் மட்டும் குழம்பிப்போய்ச் சொன்னார்: “பின்னாடி பஸ்சு வந்தா ஒதுங்கி வுட்றதுதானுங்க மொற. நான் கரும்பு லோடு ஓட்டிக்கினு இருக்கறவன், எனக்கு வேற இன்னா தெரியும்?”

பதினான்கு பக்கம்

எழுத ஆரம்பித்தால் கை நிற்கவில்லை. வெள்ளிமலை வேன் டிரைவர் ஒருவர் மலைப் பழக்கத்தில் வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்தார் என்று செந்தில் புகார் சொன்னான். அதற்கு ஒரு பக்கம். நான்கு முறைக்கு மேல் பாதையை விட்டு இறங்கினால் கடைசி இடம் என்று ஒரு பக்கம். நேராகப் போகலாம் என்ற விதி ஒன்பதாம் பக்கத்தில் எங்கேயோ கிடந்தது. மொத்தம் பதினான்கு பக்கம். வாட்ஸப் குழுவில் போட்டுவிட்டுப் பெருமையாக உட்கார்ந்திருந்தேன். அடுத்த வாரம் வந்தவர்கள் ஒன்பது பேர்.

வந்த ஒன்பது பேரில் கவிதாவும் ஒருவர். எலவனாசூர்கோட்டையில் மெடிக்கல் ஷாப்பில் இருப்பவர். எல்லாவற்றையும் படித்தீர்களா என்று கேட்டேன். “வாரம் பூரா மருந்துச் சீட்டு படிச்சிக்கினு இருக்கேன் சார். ஞாயித்துக்கெழமையும் படிக்கணுமா?”

முதலிடமும் கடைசி இடமும்

அந்த ஒன்பது பேர் பந்தயத்தில் மற்ற சின்னக் கார்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு கிடக்க, ஏழுமலை அண்ணன் அந்த ரகத்தில் முதலாவதாக வந்தார். அவர் எதிலும் முதலாவதாக வந்து நான் பார்த்ததில்லை. ஆனால் வழிவிடுவதற்காக ஆறு முறை புல்லில் இறங்கியிருந்தார். சட்டம் என்றால் சட்டம். கடைசி இடத்தில் போட்டேன்.

அவர் சத்தம் போடவில்லை. “சரிங்க சார். ஒதுங்கனா இன்னா தண்டன, ஒதுங்கலன்னா இன்னா தண்டன, ரெண்டையும் ஒரு தபா சேத்து சொல்லிடுங்க.” சொல்லிவிட்டுக் குழுவை விட்டே வெளியேறினார்.

காலிப் பாதை

அடுத்த ஞாயிறு ஏழு பேர். சின்னக் கார் ஒன்றுகூட இல்லை. இடி இல்லை, புகார் இல்லை, சிரிப்பும் இல்லை. மூன்று வருஷமாக நடத்திய பந்தயம் இத்தோடு முடிந்தது என்று முடிவு கட்டிவிட்டேன். ஹாரனுக்கே புகார் சொன்ன செந்திலே பாதியில் நிறுத்திவிட்டான். “முன்னாடி யாருமே இல்லாம ஓட்டறதுக்கு நான் பைபாஸ்லயே ஓட்டிக்கறேனே, அண்ணே.”

டவுன் பஸ்ஸில் போய்

புதன்கிழமை கடையைப் பூட்டிவிட்டுக் கச்சிராயபாளையத்துக்கு டவுன் பஸ் ஏறினேன். ஏழுமலை அண்ணன் கரும்புக்கட்டு ஏற்றிக்கொண்டிருந்தார். கடைசி இடத்தில் போட்டது என் தப்பு என்றேன். பதினான்கு பக்கத்தையும் தூக்கிப் போட்டுவிட்டதாகவும், இனி மூன்றே வரிதான் என்றும் சொன்னேன்: வேண்டுமென்று இடிக்காதே, இடித்தால் இடிபட்டவர் கிளம்பும் வரை காத்திரு, சின்னக் கார் யாருக்கும் ஒதுங்க வேண்டாம். மூன்றாவதைத் திரும்பச் சொல்லச் சொன்னார். சொன்னேன்.

அன்றிரவே அந்த மூன்று வரியையும் குழுவில் போட்டேன். அந்த ஞாயிறு பதினைந்து பேர் வந்தார்கள். கடைசிச் சுற்றில் வேகக் கார்களில் முதலில் போய்க்கொண்டிருந்த செந்தில், குறுகலான வளைவில் ஏழுமலை அண்ணனின் பின்னால் மாட்டினான். அவர் ஒதுங்கவில்லை. செந்தில் பொறுமையாகப் பின்னாலேயே வந்து, வளைவு முடிந்து தாண்டுவதற்குள் அவனுக்குப் பின்னால் வந்த இன்னொரு வேகக் கார் அவனை முந்திவிட்டது. புகார் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. சின்னக் கார்களில் நான்காவதாக வந்த ஏழுமலை அண்ணன்தான் மைக்கில் வந்தார். “இத்தினி வருசம் வண்டி ஓட்டறேன் சார். யாருக்கும் ஒதுங்காம நேரா போனது இன்னிக்குத்தான்.”

ஒன்பதாம் பக்கத்தில் புதைத்த ஒரு வரியை அந்த மனுஷனிடம் நேரில் சொல்ல, எனக்குப் பதினான்கு பக்கமும் ஒரு டவுன் பஸ்ஸும் தேவைப்பட்டன.