மாடிப் பெண்ணின் விசா

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். ஆந்திர எல்லை ஊரான நகரியில் பவர்லூம் சத்தத்துக்கு நடுவே வளர்ந்தவளுக்கு மெதுவாகப் பேச வராது. யோசித்துப் பேசுவது அதைவிட வராது. அந்த வாயால் நான் கெடுத்த ஒரு காரியத்தையும், அதை மூன்று பேர் சேர்ந்து சரி செய்ததையும் எழுதி வைக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைப்பு.

திருப்பதியில் எங்கள் வீட்டு மாடி அறையில் ஆப்கானிஸ்தான் பெண் ஒருத்தி குடியிருக்கிறாள். நம் அரசாங்கம் கொடுக்கும் உதவித்தொகையில் இங்கே பல்கலைக்கழகத்தில் படிக்க வந்தவள். வந்து சில வருஷத்தில் அவள் ஊரில் ஆட்சி மாறி, பெண் பிள்ளைகள் ஆறாம் வகுப்பைத் தாண்டக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். திரும்பிப் போனால் படிப்பு முடிந்தது என்று அர்த்தம். விடுதிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல், கடைசி வருஷப் படிப்புக்கு எங்கள் மாடிக்கு வந்தாள். அப்போது ஏதோ ஒரு போலீஸ் படிவத்தில் என்னிடம் கையெழுத்து வாங்கினாள். நான் அதைப் படித்துப் பார்க்கவில்லை. குக்கர் மூன்று விசில் அடித்துவிட்டிருந்தது.

பழக ஆரம்பித்து இரண்டு மாதத்தில் என்னைப் போலவே பேசத் தொடங்கினாள். என் அக்கா பிள்ளைகள் நகரியிலிருந்து வரும்போது சித்தி, சித்தி என்று கூப்பிடுவதைக் கேட்டுவிட்டு அவளும் சித்தி என்றாள். "சித்தி, நான் துன்னுட்டேன்" என்று அவள் சொன்னதைக் கேட்டு என் வீட்டுக்காரர் சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது. அவர் சித்தூர் பஸ்ஸில் டிரைவர். தினமும் இரவு டிவியில் செய்தி பார்ப்பவர்.

அந்தச் செய்தியிலிருந்துதான் வம்பு ஆரம்பித்தது. நம் மந்திரிகள் அந்த நாட்டு ஆட்சிக்காரர்களோடு கை குலுக்கிக்கொண்டிருந்தார்கள். "பொண்ணுங்களைப் படிக்க விடாதவனுங்களோட இன்னா கை குலுக்கல்?" என்று நான் கத்தினேன். மாடிப் பெண்தான் என்னை அடக்கினாள். இந்தியாவிலிருந்து வந்த கோதுமை அவர்கள் தெருவுக்கும் வந்ததாம். கை குலுக்காமல் இருந்தால் லாரி எல்லையைத் தாண்டியிருக்காது சித்தி என்றாள். அவளுக்கு இருந்த நிதானம் எனக்கு இல்லை. எனக்கு இன்றைக்கும் அந்தக் கை குலுக்கல் பிடிக்காது. ஆனால் அந்தக் கோதுமையை ஒரு சொல் குறைத்துப் பேச மாட்டேன்.

அதே வாரத்தில், வெளிநாட்டுக்காரர்களைத் தேடிப் பிடித்து அனுப்புகிறார்கள் என்று இன்னொரு செய்தி. மறுநாள் காலை சாதாரணச் சட்டை பேண்ட்டில் ஒருவர் பைக்கில் வந்து இறங்கி, கையில் ஒரு காகிதத்தோடு கேட்டார்.

"ஏம்மா, இந்த வீட்ல ஃபாரினர்ஸ் எவரன்னா இருக்காங்களா?"

 பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போக வந்துவிட்டான் பாவி என்றுதான் தோன்றியது.

"ஃபாரினர்ஸா? இங்க இன்னா ஃபாரின் இருக்குது? மாடியில எங்க அக்கா பொண்ணு இருக்குது. நகரியிலிருந்து படிக்க வந்துக்கினு இருக்குது."

சொல்லி வாய் மூடவில்லை, மாடியிலிருந்து குரல் வந்தது: "சித்தி, துணி காஞ்சிடுச்சி, எடுத்துக்கினு வரட்டா?" அவர் அண்ணாந்து பார்த்தார். முக்காடு போட்ட ஒரு முதுகும் கொடியில் தொங்கிய என் புடவையும்தான் தெரிந்திருக்கும். தலையை ஆட்டிவிட்டு, காகிதத்தில் ஏதோ எழுதிக்கொண்டு போய்விட்டார். நான் கடவுளுக்குக் கற்பூரம் ஏற்றினேன். எவ்வளவு பெரிய கெட்டிக்காரி நான்!

பத்து நாள் கழித்து அவள் போனை எடுத்துக்கொண்டு கீழே வந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. விசாவை ஒரு வருஷம் நீட்டிக்கச் சொல்லி விண்ணப்பித்திருந்தாளாம். விலாசத்தைச் சரி பார்க்க ஆள் வரும் என்று காத்துக்கொண்டிருந்தாளாம். இந்த விலாசத்தில் அப்படி ஒருவர் இல்லை என்று அறிக்கை போயிருக்கிறது. விண்ணப்பம் தள்ளுபடி. சில நாட்களில் நாட்டை விட்டுப் புறப்பட வேண்டும்.

"யாராச்சும் வந்தாங்களா சித்தி?" என்று கேட்டாள். அவ்வளவுதான் கேட்டாள்.

நான் சொன்னேன். சொல்லிவிட்டு அவள் காலைப் பிடிக்காத குறையாக அழுதேன். அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். என் வீட்டுக்காரர்தான் இருவர் பங்குக்கும் சேர்த்துத் திட்டினார்: "வாயை வெச்சிக்கினு சும்மா இருக்க மாட்டியா நீ? வந்தவரு அவளுக்கு நல்லது பண்ண வந்தவரு!" திட்டி முடித்ததும் போனை எடுத்தார். டிரைவர்களுக்கு ஊரெல்லாம் ஆள் உண்டு. பைக்கில் வந்தவர் ஸ்டேஷன் ஏட்டு என்றும், அன்றைக்குக் கோர்ட் வேலையாகச் சித்தூர் போயிருக்கிறார் என்றும் தெரிந்தது. அடுத்த சித்தூர் டிரிப் என் வீட்டுக்காரருடையதுதான். எங்கள் இருவரையும் முன் சீட்டில் ஏற்றிக்கொண்டார். வழி முழுக்க நான் வாயைத் திறக்கவில்லை. எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு இது முதல் தடவை என்றார்.

கோர்ட் வளாகத்தில் டீக்கடை ஓரமாக ஏட்டையாவைப் பிடித்தோம். அவளை நேருக்கு நேர் பார்த்ததும் அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. கோபம் தலைக்கேறியது.

"என் உத்தியோகத்துக்கே உலை வெச்சியே தல்லி, தாயே! அன்னிக்கு அக்கா பொண்ணுன்ன. இன்னிக்கு காபூல் பொண்ணுங்கற. எது நிஜம்? காணிப்பாக்கம் வந்து சத்தியம் பண்றியா?"

எங்கள் பக்கத்தில் இதை விளையாட்டுக்குச் சொல்ல மாட்டார்கள். பஞ்சாயத்திலும் ஸ்டேஷனிலும் தீராத வழக்கைக் காணிப்பாக்கம் பிள்ளையார் முன்னால் கொண்டு போவார்கள். குளத்தில் முழுகி, ஈரத் துணியோடு நின்று சத்தியம் செய்ய வேண்டும். பொய்ச் சத்தியம் செய்யத் துணிந்தவர்கள் கிடையாது. பாதிப் பேர் குளத்தங்கரையிலேயே உண்மையைச் சொல்லிவிடுவார்கள்.

"வா சார், இப்பவே போலாம்" என்றேன். "அன்னிக்கு சொன்னது பொய்னு தலை முழுகி சத்தியம் பண்றேன். ஆட்டோவுக்குச் சொல்லட்டா?"

 சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு.

"பொய் சொல்லலைன்னு சத்தியம் பண்றவங்களை எத்தனையோ பேரைப் பார்த்திருக்கேன். பொய்தான் சொன்னேன்னு சத்தியம் பண்ணக் கிளம்புற ஆளை இப்பதாம்மா பாக்கறேன்."

சத்தியம் வேண்டாம், எழுத்தில் வேண்டும் என்றார். போலீஸிடம் தெரிந்தே தவறான தகவல் கொடுத்தேன் என்று எழுதினால் என் மேல் கேஸ் போடவும் இடம் உண்டு, யோசித்துக்கோ என்றும் சொன்னார். யோசிப்பது எனக்கு எப்போது வந்தது? நான் படித்தது தெலுங்குப் பள்ளிக்கூடம். தெலுங்கிலேயே ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என் வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று சாட்சிக் கையெழுத்துப் போட்டார். கோர்ட் வாசலில் நிறுத்தியிருந்த பஸ்ஸை எடுக்க நேரமாகிவிட்டது என்று கண்டக்டர் விசில் அடித்துக்கொண்டிருந்தார்.

மறு விசாரணைக்கு உத்தரவு வாங்க ஏட்டையா எத்தனை படி ஏறி இறங்கினாரோ தெரியாது. அவருக்கு அதில் ஒரு பைசா லாபம் இல்லை. தன் அறிக்கை தப்பு என்று தானே மேலதிகாரியிடம் போய் நின்றிருக்கிறார். எத்தனை பேர் செய்வார்கள்? பெரிய அதிகாரிகள் டெல்லியில் உட்கார்ந்து எழுதும் கொள்கை, சித்தூர் டீக்கடையில் இப்படி ஒரு மனுஷன் கையில் வந்து நிற்கிறது. நல்ல கையாக இருந்தது எங்கள் அதிர்ஷ்டம்.

மறு விசாரணைக்கு ஏட்டையா இந்தத் தடவை யூனிஃபார்மில் வந்தார். அவளும் நானும் வாசலில் நின்றோம். பேப்பரைப் பார்த்து ஒவ்வொன்றாகக் கேட்டார். இந்தப் பெண் உங்களுக்கு உறவா?

"இல்லைங்க."

எந்த வகையிலும் சொந்தம் இல்லையா?

"இல்லைங்க. வெளிநாட்டுப் பொண்ணு. வாடகைக்கு இருக்குது."

பொய் சொன்ன அன்று சுலபமாகப் பேசிய வாய்க்கு, உண்மை சொல்வது கஷ்டமாக இருந்தது. அவளைத் திரும்பிப் பார்க்கவே எனக்குத் தைரியம் இல்லை. அவள் உள்ளே போய்த் தண்ணீர் கொண்டு வந்து ஏட்டையாவிடம் நீட்டி, "துன்னுட்டுப் போங்க சார், சித்தி இட்லி ஊத்தியிருக்காங்க" என்றாள். மனுஷன் நாலு இட்லி சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்.

மூன்றாவது வாரத்தில் விசா வந்தது. ஒரு வருஷம். படிப்பை முடிக்க அது போதும். அவள் படிக்கட்டிலேயே உட்கார்ந்து அழுதாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். அன்று சாயங்காலம் அவள் அம்மாவுக்கு வீடியோ போட்டாள். அந்த அம்மா என்னைப் பார்த்ததும் நெஞ்சில் கை வைத்துப் பேசிக்கொண்டே போனார். இவள் தமிழில் சொன்னாள்: "உங்க அரசாங்கத்துக்கு ஆயிரம் நன்றின்னு சொல்றாங்க. எங்க பொண்ணைக் காப்பாத்திட்டாங்களாம்."

நான் கரண்ட் பில்லுக்கும் ரோட்டுக் குழிக்கும் இந்த அரசாங்கத்தைத் திட்டாத நாள் இல்லை. அன்றைக்கு அதன் சார்பில் இரண்டு கையையும் கூப்பி அந்த நன்றியை வாங்கிக்கொண்டேன். மனசு நிறைந்திருந்தது. என் தேசம் ஒரு பிள்ளைக்கு ஒரு வருஷம் கொடுத்திருக்கிறது. அதற்கு நான் காலத்துக்கும் கடமைப்பட்டவள்.

அம்மா போனை அவளுடைய தங்கை பக்கம் திருப்பினார். பதின்மூன்று வயசு இருக்கும். பள்ளிக்கூடம் நின்று போன பிள்ளை. அக்காவிடம் ஏதோ ஒரே ஒரு கேள்வி கேட்டது. இவள் அதைத் தமிழில் சொல்லாமல் பேச்சை மாற்றப் பார்த்தாள்.

"இன்னா கேக்குது கொழந்தை? சொல்லு" என்றேன்.

"உங்க அரசாங்கம் எனக்கு எப்ப தரும்னு கேக்கறா, சித்தி."

அங்கேயிருந்து புதிதாக விசா கிடைப்பது குதிரைக் கொம்பு என்று எங்கள் இருவருக்கும் தெரியும். அந்தப் பிள்ளை என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. நன்றியை வாங்கிக்கொண்டவள் நான்தானே, பதிலையும் நான்தானே சொல்ல வேண்டும்?

"கேட்டுச் சொல்றேன்னு சொல்லும்மா" என்றேன்.

யாரிடம் போய்க் கேட்பது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.