படகை விட்டு வர மறுத்தவர்

கப்பலில் வேலை என்றால் எங்கள் சேலையூர்த் தெருவில் இன்னமும் சிலர், "கப்பல்ல நர்ஸா?" என்று கேட்பார்கள். நான் சரக்குக் கப்பலில் இரண்டாம் அதிகாரி. மதியம் தொடங்கி நான்கு மணி வரை கப்பல் எந்தத் திசையில் போக வேண்டும் என்று பார்ப்பது என் வேலை. தாம்பரம் ரயில்வே குடும்பம் எங்களுடையது. வீட்டில் வேறு யாருக்கும் நீச்சல்கூடத் தெரியாது.

அந்த முறை சிட்டகாங்கில் சரக்கை இறக்கிவிட்டு, காலிக் கப்பலோடு வங்கக் கடலில் தெற்கே போய்க்கொண்டிருந்தோம். கப்பலில் பறந்தது பனாமா நாட்டுக் கொடி. கேப்டன் பிலிப்பைன்ஸ்காரர், அதிகம் பேசாத மனிதர். கப்பலில் தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்திதான். மதியச் சாப்பாடு முடிந்து பணிக்கு வந்த சிறிது நேரத்தில், வலது பக்கம் தூரத்தில் ஏதோ நீலமாக ஏறி இறங்குவது தெரிந்தது. தொலைநோக்கியில் பார்த்தேன். ஃபைபர் படகு. ஒருவர் சட்டையைத் துடுப்பில் கட்டி ஆட்டிக்கொண்டிருந்தார்.

கேப்டனைக் கூப்பிட்டேன். அவர் வந்து பார்த்தார், கப்பலைத் திருப்பச் சொன்னார். பிறகுதான் கம்பெனிக்குப் போன் செய்தார். எவ்வளவு நேரம் தாமதமாகும் என்று அந்தப் பக்கத்திலிருந்து கேட்டிருக்க வேண்டும். "நான் அனுமதி கேட்கவில்லை, தகவல் சொல்கிறேன்," என்றார் ஆங்கிலத்தில், குரலை உயர்த்தாமல்.

கடல் சட்ட உடன்படிக்கையைத் தேர்வுக்காக நானும் படித்திருந்தேன். கடலில் உயிருக்குத் தவிப்பவர் எந்த நாட்டவராக இருந்தாலும், தன் கப்பலுக்குப் பெரிய ஆபத்து இல்லாதவரை கேப்டன் அவரைக் காப்பாற்ற வேண்டும். கரையோர நாடுகள் அதற்கென மீட்பு ஏற்பாடு வைத்திருக்க வேண்டும். நம் நாடும் அதில் கையெழுத்திட்டிருக்கிறது. சென்னையில் உள்ள மீட்பு மையத்தை அழைத்தேன். உடனே பதில் வந்தது. "ஏற்றிக்கொள்ளுங்கள். எங்கள் ரோந்துக் கப்பலை எதிரே அனுப்புகிறோம்," என்றார்கள். தேர்வில் எழுதிவிட்டு வந்த வரிகளுக்கு மறுமுனையில் ஒரு மனிதக் குரல் இருந்தது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

படகு நெருங்கியதும் மூன்று பேர் தெரிந்தார்கள். எங்கள் கப்பல் அவர்கள் பக்கம் திரும்பியதுமே சட்டையை ஆட்டியவர் கையை இறக்கிவிட்டார். ஒலிபெருக்கியை எடுத்தேன்.

"அண்ணா, எந்த ஊரு நீங்க?"

மூவரும் அண்ணாந்து பார்த்தார்கள். மேலே இரும்புச் சுவர், அதற்கும் மேலிருந்து ஒரு பெண் குரல், அதுவும் தமிழில்.

"கோவளம் பக்கம்மா," என்றார் வயதில் மூத்தவர். தொண்டை வறண்டிருந்தது. "இது எந்த ஊரு கப்பலு? எங்கள புட்ச்சினு போயிடுவீங்களா? நாங்க எல்லைலாம் தாண்டலம்மா. இன்ஜின் நின்னுபோச்சு, காத்து இஸ்துகினு வந்துச்சு."

"யாரும் பிடிக்க மாட்டாங்க. உங்களை ஏத்திக்கத்தான் வந்திருக்கோம். நம்ம ஊர்லேர்ந்து கப்பல் வருது, அதுல அனுப்பிடுவோம்."

கயிற்று ஏணியை இறக்கினோம். இளையவர் முதலில் ஏறினார். அடுத்தவர் பாதி ஏணி வந்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார். மூத்தவர் படகிலேயே உட்கார்ந்திருந்தார்.

"வா மச்சான்."

"நீ போ. படக வுட்டுட்டு நான் மேல வந்து இன்னா பண்றது?"

கேப்டனிடம் படகையும் தூக்க முடியுமா என்று கேட்டேன். அவர் அலையைப் பார்த்தார். அந்த அலையில் அதைத் தூக்கினால் கப்பலில் மோதி உடையும், கீழே நிற்பவர்களும் அடிபடுவார்கள். இழுத்துக்கொண்டு போகவும் முடியாது. சட்டம் உயிரைக் காப்பாற்றச் சொல்கிறது, படகைப் பற்றிக் கட்டாயம் எதுவும் இல்லை. இதை எப்படி அவரிடம் சொல்வது என்று தெரியாமல் அப்படியே சொன்னேன்.

"அண்ணா, படகை எடுக்க முடியாது. நான் பொய் சொல்லல. உங்களை மட்டும்தான் எடுக்க முடியும்."

ஏணியில் நின்றவர் மெதுவாகக் கீழே இறங்கி, மறுபடி படகில் போய் மூத்தவர் பக்கத்தில் உட்கார்ந்தார். "நீ வரலன்னா நானும் வரல. அக்காவாண்ட நான் இன்னா பதில் சொல்றது?"

கேப்டனுக்கு மொழி புரியவில்லை, ஆனால் நடப்பது புரிந்தது. "அந்த இன்ஜினையாவது எடுத்துக்கொள்ளலாமா என்று கேள்," என்றார்.

கேட்டேன். மூத்தவர் தலையைத் தூக்கினார்.

எங்கள் மாலுமி ஒருவர் கயிறுகளோடு கீழே இறங்கினார். படகில் இருந்த இருவரும் அவரும் சேர்ந்து இன்ஜினைக் கழற்றிக் கட்டினார்கள். சாமான் ஏற்றும் சின்ன கிரேனில் அது ஆடிக்கொண்டே மேலே வந்தது. அதற்குப் பிறகு மூத்தவரும் மச்சானும் ஏறினார்கள். மேலே வந்ததும் மூத்தவர் திரும்பிப் பார்க்கவில்லை. படகைக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்தபோது முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். சமையல்காரர் வைத்த கஞ்சியை மற்ற இருவரும் குடித்து முடித்த பிறகும் அவருடைய கிண்ணம் அப்படியே இருந்தது.

மறுநாள் காலையில் நம் ரோந்துக் கப்பல் வந்தது. மூவரும் மாறினார்கள், இன்ஜினும் மாறியது. கேப்டன் கையசைத்துவிட்டுப் பழைய பாதைக்குத் திரும்பினார்.

விடுமுறைக்கு வந்தபோது அவர்களைப் பார்க்கப் போனேன். தாம்பரத்திலிருந்து மேடவாக்கம், சோழிங்கநல்லூர் வழியாக ஸ்கூட்டரில் கோவளம் போய், விசாரித்துக் கண்டுபிடித்தேன். மூத்தவர் மணலில் வலையைப் பரப்பிச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி மேடவாக்கம் மார்க்கெட்டில் மீன் விற்றுவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

பேச்சுவாக்கில் நான், "அண்ணன் படகை விட்டு வரவே மாட்டேன்னுட்டார்க்கா, ரொம்ப பயந்துட்டோம்," என்றேன்.

அவர் என் கையை விட்டார். "இன்னாம்மா சொல்ற? ஏற மாட்டேன்னாரா?"

கணவர் வலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. வீட்டில் இதைச் சொல்லவில்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"உன்னத்தான் கேக்கறேன். போட்டுக்காக அங்கயே குந்திகினு இருந்தியா?" அவர் கத்தவில்லை. "போட்டு போனா போவுது. நான் இன்னா போட்டையா கட்டிகினேன்?"

கணவர், "அப்போ புத்தி வேல செய்யலடி," என்று மட்டும் சொன்னார். அக்கா உள்ளே போய்விட்டார். உள்ளேயிருந்து பாத்திரச் சத்தம் கேட்டது.

படகு கிடைக்கவில்லையாம். இன்ஜினைச் சரிசெய்து, அன்று ஏணியிலிருந்து இறங்கி வந்த மச்சானின் படகில் மாட்டியிருக்கிறார்கள். இருவரும் ஒன்றாகப் போகிறார்கள். "என் இன்ஜின் கீதுன்றதால எனக்கும் பங்கு தர்றான்," என்றார் மூத்தவர். அதில் கொஞ்சம் பெருமை இருந்தது.

அந்த அக்கா தட்டில் சோறும் வஞ்சிர வறுவலும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். கண் சிவந்திருந்தது.

"கடல்ல போற கப்பலு எல்லாம் உங்க கப்பலு மாதிரி நிக்குமா?"

"நிக்கணும்னு சட்டம் இருக்குக்கா. பெரும்பாலும் நிப்பாங்க."

"பெரும்பாலும்னா?"

பார்த்தும் பார்க்காததுபோல் போன கப்பல்களைப் பற்றி நான் கேள்விப்பட்டிருக்கிறேன். அதை அவரிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, அப்படி நடக்காது என்று சொல்லவும் வரவில்லை. என் முகத்தைப் பார்த்தே அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். இன்னொரு துண்டு மீனை என் தட்டில் வைத்தார். பிறகு கணவருக்கும் தட்டு போட்டு, அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.