சேவுகன் இடுப்பு நிமிர்ந்த விதம்

குடுமியான்மலைக்குத் தெற்கே, மலை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், சேவுகனுக்கு ஒரு கிணறும் அதைச் சுற்றி மூன்று துண்டு நிலமும் இருந்தன. கடலை போடுவார், கேழ்வரகு போடுவார், கிணற்றில் தண்ணீர் நிற்கிற வருஷம் மிளகாயும் போடுவார். நாற்பது வயதைத் தாண்டிய நெடுநெடு ஆள். உழைப்பில் குறை சொல்ல முடியாது. ஆனால் எதிரே யார் வந்தாலும் கும்பிட மாட்டார். தலைகூட அசையாது. கர்வம் பிடித்த மனுஷன் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

அவருடைய மனைவி அமராவதியைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வாள்: "கர்வமெல்லாம் ஒண்ணுமில்ல. எதுக்க வர்றவுக யாருன்னு அவுகளுக்குச் சட்டுன்னு ஞாபகம் வராது. ஞாபகம் வர்றதுக்குள்ள வந்தவுக தாண்டிப் போயிருவாக. முதுகப் பாத்தா கும்பிட முடியும்?"

அது யுத்த காலம். பெட்ரோல் கிடைக்காமல் பஸ்களெல்லாம் கரிப்புகையில் ஓடிக்கொண்டிருந்தன. தை மாதம் ஒரு நாள் காலையில், அமராவதியின் தம்பி நல்லதம்பி ஆவுடையார்கோவில் பக்கத்திலிருந்து அக்காளைப் பார்க்க வந்து சேர்ந்தான். மைத்துனன் வந்திருக்கிறான், கோழி அடிக்காமல் இருக்கலாமா? முற்றத்தில் கவிழ்த்திருந்த பஞ்சாரத்துக்குள் ஒரு சேவல் இருந்தது. சேவுகன் கூடையின் ஓரத்தைத் தூக்கி, இடுப்பை வளைத்து, தலையையும் வலது கையையும் உள்ளே விட்டார். சேவல் இறக்கையைப் படபடவென்று அடித்தது. உள்ளே இருந்த தூசியெல்லாம் அவர் மூக்குக்குள் போயிற்று. கூடைக்குள் தலை இருக்கும்போதே பலமாக ஒரு தும்மல் போட்டார்.

அவ்வளவுதான். இடுப்பில் ஏதோ வெடுக்கென்றது. வலது புட்டத்திலிருந்து குதிகால் வரைக்கும் பழுக்கக் காய்ச்சிய கம்பியை இழுத்த மாதிரி சுரீர் என்றது.

"ஏ புள்ள!" என்று கூடைக்குள்ளிருந்து கத்தினார்.

அடுப்படியில் இருந்த அமராவதி, "புடிச்சிட்டீங்களா?" என்று கேட்டாள்.

"புடிச்சிருச்சு!"

அமராவதி திருப்தியோடு, இறகு உரிப்பதற்கு வெந்நீர் வைத்தாள்.

"ஐயோ புடிச்சிருச்சே!" என்று மறுபடியும் குரல் வந்தது. சேவலைப் பிடித்த மனுஷன் எதற்கு அழுகிறார் என்று பார்க்க நல்லதம்பி வெளியே வந்தான். பஞ்சாரத்தை அவன் தூக்கியதும் சேவல் அவன் காலுக்கிடையில் புகுந்து வேலியைத் தாண்டி ஓடிவிட்டது. மச்சான் ஓடவில்லை. கால் இரண்டும் நேராக நிற்க, இடுப்புக்கு மேலே உடம்பு தரைக்குச் சமமாக நீட்டிக்கொண்டிருந்தது. நிமிர்த்தப் பார்த்தான். மலையில் எதிரொலிக்கிற அளவுக்குச் சேவுகன் கூச்சல் போட்டார்.

நல்லதம்பிக்கு எந்த வியாதியும் புதிது இல்லை. எல்லாவற்றுக்கும் அவனிடம் ஒரு காரணமும் ஒரு மருந்தும் தயாராக இருக்கும். சுற்றி வந்து பார்த்துவிட்டு, "நரம்பு மேல நரம்பு ஏறிக்கிருச்சு மச்சான். எறக்கி விட்டாச் சரியாப் போகும். நான் இருந்து பாத்துட்டுத்தான் போவேன்" என்றான். அன்று சாப்பாட்டுக்குக் கருவாட்டுக் குழம்புதான் என்று தெரிந்த பிறகும் அவன் சொன்ன சொல்லை மாற்றவில்லை.

உப்பை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுத்தார்கள். நொச்சித் தழையைச் சுட வைத்துக் கட்டினார்கள். சூடு இருக்கிற வரைக்கும் சுகமாக இருந்தது, சூடு ஆறியதும் வலி திரும்பி வந்துவிட்டது. அடுத்தபடியாக மூக்காயியைக் கூப்பிட வேண்டும் என்றான் நல்லதம்பி.

பிறக்கும்போது தலைக்கு முன்னால் கால் வெளியே வந்தவர்கள் மிதித்தால் சுளுக்கும் பிடிப்பும் விட்டுவிடும் என்பது அந்தப் பக்கத்து நம்பிக்கை. ஊரில் அப்படிப் பிறந்தவள் மூக்காயி ஒருத்திதான். ஐம்பது வயது இருக்கும், கட்டுமஸ்தான உடம்பு. ஆனால் அவளுடைய செவலை ஆடு கடலைக் காட்டில் மேய்ந்தது என்று போன வருஷம் சேவுகன் அதைப் பிடித்துக்கொண்டுபோய், அடுத்தவர் காட்டில் மேய்கிற ஆடு மாட்டை அடைத்து அபராதம் வாங்குகிற சர்க்கார்ப் பவுண்டில் விட்டிருந்தார். அன்றிலிருந்து பேச்சு வார்த்தை கிடையாது.

கூப்பிட்டு அனுப்பியதும் மூக்காயி மறு பேச்சில்லாமல் வந்தாள். வரும்போதே சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வந்தாள்.

சேவுகனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. காலைப் பார்த்துத்தான் பேசினார். "அத்தை, பழச மனசுல வச்சுக்காதீங்க."

"நான் எதையும் மனசுல வச்சுக்கல சேவுகா. எல்லாத்தையும் கால்லதான் வச்சிருக்கேன்" என்றாள் மூக்காயி.

முதல் மிதியில் சேவுகன் வாசலைத் தாண்டினார். இரண்டாவது மிதியில் மாட்டுக் கொட்டகைக்குப் போனார். மூன்றாவதில் வைக்கோல் போருக்குள் தலை புகுந்துவிட்டது.

அமராவதி பதறிப்போய், "வைத்தியத்துக்கு ஒரு மிதி போதாதா அத்தை?" என்று கேட்டாள்.

"வைத்தியம் மொத மிதிதான். ரெண்டாவது என் ஆட்டுக்கு. அது அப்பச் சினையா இருந்துச்சுல்ல, மூணாவது அந்தக் குட்டிக்கு" என்று கணக்குச் சொல்லிவிட்டுச் சேலையை இறக்கிவிட்டுக்கொண்டு போனாள் மூக்காயி.

வைக்கோலிலிருந்து இழுத்து நிறுத்திப் பார்த்தார்கள். அதுவரை நேராக வளைந்திருந்தவர் இப்போது கொஞ்சம் இடது பக்கமும் கோணியிருந்தார்.

மறுநாள் சேவுகனும் நல்லதம்பியும் டவுன் ஆசுபத்திரிக்குக் கிளம்பினார்கள். ரோட்டில் பஸ்ஸுக்காக நிற்கும்போது வில்வண்டி ஒன்று வந்தது. உள்ளே கோட்டுப் போட்ட ஒரு சர்க்கார் அதிகாரி. தரையைப் பார்த்து மடங்கி நிற்கிற ஆளைக் கண்டதும் அவர் வண்டியை நிறுத்தச் சொன்னார்.

"இங்கிட்டு ஆளுக ரொம்ப வெறைப்பானவங்கன்னு சொன்னாங்க. இப்படி ஒரு மரியாதைய நான் எந்த ஊர்லயும் பாத்ததில்ல. போதும்ப்பா, நிமிர்ந்துக்க."

"முடியாதுங்க" என்றார் சேவுகன்.

"அடடா! ஒன் பேர் என்னப்பா?" என்று அதிகாரி நெகிழ்ந்துபோனார். வண்டி கண்ணுக்கு மறைகிற வரைக்கும் அவர் திரும்பித் திரும்பிப் பார்த்தார். இடுப்பு வலியைவிட இது சேவுகனுக்கு அதிகமாக வலித்தது.

பஸ்ஸில் அவரை ஏற்றி உட்கார வைத்தபோது தலை முன் சீட்டுக்கு அடியில் போய்விட்டது. கண்டக்டர் வந்து பார்த்துவிட்டு, "யாருய்யா அது, டிக்கெட் எடுக்காம சீட்டுக்கடியில ஒளியறது? வெளிய வா!" என்று சத்தம் போட்டார். நல்லதம்பி இரண்டு டிக்கெட்டையும் காட்டிய பிறகும் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. இறங்குகிற வரைக்கும் ஒரு கண் சேவுகன் மேலேயே இருந்தது.

ஆசுபத்திரியில் டாக்டர் முதுகெலும்பை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். காலைத் தூக்கிப் பார்த்தார். "எலும்புக்கு நடுவுல ஒரு நரம்பு மாட்டி நசுங்கியிருக்கு. பயப்படாதே, விட்டுப்போகும். பலகையில படு. இந்த எண்ணெயத் தடவு. முக்கியமா ஒண்ணு, குனிஞ்சு எந்த வேலையும் செய்யக் கூடாது."

"நிமிர்ந்தாத்தானுங்களே குனியறதுக்கு" என்றார் சேவுகன்.

டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கூட ஒரு சீசா எண்ணெய் கொடுத்து அனுப்பினார்.

வீட்டில் பலகையில் படுக்க முயன்றார். உடம்பு பலகைக்கு ஒத்துவரவில்லை. பகலெல்லாம் வீட்டுக்குள்ளேயே நடந்தார். கல்யாணமான நாளிலிருந்து அடுப்படிப் பக்கம் தலை காட்டாதவர், இப்போது அவர் மூக்கு சரியாகச் சட்டி உயரத்தில் இருந்ததால், எதையும் முகர்ந்து பார்க்காமல் விடவில்லை. "இந்த மோரு புளிச்சிருச்சே", "பருப்புல உப்புப் போட்டியா?", "ஒறிக்குக் கீழ என்னத்தடி மூடி வச்சிருக்க?" அமராவதி பொறுத்துப் பார்த்தாள். கடைசியில் அகப்பையை ஓங்கிக்கொண்டு, "கொழம்புச் சட்டிக்குள்ள தலைய விட்டீங்கன்னா அப்படியே தாளிச்சிருவேன்" என்றாள். சொன்ன வேகத்தில் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். சிரித்ததும் இடுப்பில் பிடுங்கியது. "சிரிக்க வைக்காதடி பாவி" என்று கண்ணில் நீர் வர அழுதுகொண்டே சிரித்தார்.

ஒரு வாரம் இப்படிப் போயிற்று. கடலைக்குத் தண்ணீர் விட வேண்டும், கமலை ஓட்ட ஆள் இல்லை. நல்லதம்பி தானே ஓட்டுவதாகச் சொன்னான். அவன் கண்மாய்த் தண்ணீரில் நெல் விளைகிற ஊர்க்காரன். மடையைத் திறந்தால் தண்ணீர் வரும் என்பது மட்டும்தான் அவனுக்குத் தெரியும். கமலையில் மாடுகள் சரிவில் இறங்கினால் தண்ணீர்ச் சால் கிணற்றிலிருந்து மேலே வரும்; அவை பின்னால் நடந்து சரிவில் ஏறினால் சால் உள்ளே இறங்கும். அந்தப் பின் நடையை மாடுகளுக்குச் சொல்வதில்தான் சாமர்த்தியம் இருக்கிறது.

மைத்துனனை நம்பாமல் சேவுகனும் தடியூன்றிக் கிணற்றடிக்குப் போனார். நாலாவது சால் மேலே வரும்போது அதன் விளிம்பு கிணற்றுக் கல்லில் மாட்டிக்கொண்டது. பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவருக்கு ஆகாது. தடியைப் போட்டுவிட்டு, சாலின் இரும்பு வளையத்தை இரண்டு கையாலும் பற்றி இழுத்தார். அதே நேரத்தில் நல்லதம்பி, சால் காலியாகிவிட்டது என்று நினைத்து மாடுகளைப் பின்னால் நடத்தினான். சால் விடுபட்டுக் கிணற்றுக்குள் இறங்கியது. வளையத்தை விடாமல் சேவுகனும் கூடவே போனார்.

"மாட்ட நிறுத்து மாப்ள!"

நல்லதம்பி பாய்ந்து கயிற்றில் உட்கார்ந்தான். மாடுகள் நின்றன. கிணற்று விளிம்புக்குக் கீழே ஓர் ஆள் மட்டத்தில் சேவுகன் தொங்கினார். சாலில் இருந்த தண்ணீரெல்லாம் அவர் தலையில் கொட்டியது. கால் இரண்டும் அந்தரத்தில் ஆடின. உடம்பின் பாரம் முழுவதும் கீழே இழுக்க, இடுப்புக்குள் டக்கென்று ஒரு சத்தம். குதிகால் வரைக்கும் எரிந்துகொண்டிருந்த கம்பியை யாரோ உருவி எடுத்துவிட்ட மாதிரி இருந்தது.

"மச்சான்! தூக்கவா?" என்று நல்லதம்பி அலறினான்.

"தூக்காத."

"எறக்கவா?"

"எறக்காத."

"பின்ன என்னதான் செய்யச் சொல்றீக?"

"பேசாம இரு மாப்ள. சொகமா இருக்கு."

நல்லதம்பி கயிற்றில் உட்கார்ந்தபடியே வீட்டுப் பக்கம் திரும்பிக் கத்தினான். "அக்கா! ஓடியா! மச்சானுக்குப் புத்தி பெசகிருச்சு!"

அமராவதி தலைவிரி கோலமாக ஓடி வந்து எட்டிப் பார்த்தாள். கிணற்றுச் சுவரில் துருத்தியிருந்த படிக்கல்லில் கால் வைத்துச் சற்றே இளைப்பாறிவிட்டு, மறுபடியும் காலை எடுத்துத் தொங்கிக்கொண்டிருந்தார் புருஷன்.

"ஏங்க, மேல வாங்க!"

"செத்த நேரம் கழிச்சு வாரேன். நீ போயிச் சோத்த வையி."

அக்கம்பக்கத்துக் காட்டில் இருந்தவர்களெல்லாம் கூடிவிட்டார்கள். கடைசியில் கை மரத்துப்போய் அவரே, "சரி, தூக்குங்க" என்றார். தண்ணீர் சொட்டச் சொட்ட மேலே வந்து நின்றார். நேராக நின்றார். எட்டு நாளாக முழங்கால் மட்டத்துக்கு மேலே எதையும் பார்க்காதவர், நல்லதம்பியின் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"மாப்ள, மீசைய எப்ப எடுத்த?"

"அது ஆச்சு மச்சான் நாலு நாளு" என்று சொல்லும்போதே நல்லதம்பிக்கு அழுகை வந்துவிட்டது.

அன்று சாயங்காலமே தகராறு ஆரம்பமாயிற்று. தான் மாட்டைப் பின்னால் ஓட்டியதால்தான் குணமாயிற்று என்றான் நல்லதம்பி. தெரிந்தேதான் அப்படி ஓட்டினேன் என்றும் சேர்த்துக்கொண்டான். மூக்காயி வாசலில் வந்து நின்று, "என் மிதி ஒடனே கேக்காது. எட்டாம் நாள்தான் கேக்கும். எங்க வேணாலும் விசாரிச்சுப் பாருங்க" என்றாள். அமராவதி மட்டும் டாக்டர் கொடுத்த எண்ணெய்க்காகப் பேசினாள். ராத்திரி பகலாகத் தேய்த்தது அவள் கைதான். சேவுகன் யாருக்கும் தீர்ப்புச் சொல்லவில்லை. மூன்று பேரையும் உட்கார வைத்துச் சோறு போட்டார். மூக்காயி இரண்டு தடவை குழம்பு வாங்கிக்கொண்டாள். பவுண்டுச் சமாச்சாரம் அதோடு தீர்ந்தது.

கிணற்றடியில் ஒரு வாகை மரம் இருந்தது. வலி தலைகாட்டுகிற நாளில் சேவுகன் அதன் கிளையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் தொங்குவார். களை வெட்டி இடுப்பு நொந்த நாலு பேர் அதைப் பார்த்துத் தாங்களும் தொங்கினார்கள். சிலருக்கு விட்டது, சிலருக்குக் கை வலிதான் மிச்சம். தொங்கியும் கேட்காதவர்களைச் சேவுகன் மூக்காயியிடம் அனுப்பினார். மிதித்தும் கேட்காதவர்களை மூக்காயி இவரிடம் அனுப்பினாள். இரண்டும் கேட்காதவர்கள் பஸ் ஏறி டாக்டரிடம் போனார்கள்.

சித்திரையில் அறந்தாங்கியிலிருந்து மிளகாய் வியாபாரி செல்லமுத்து வண்டி கட்டிக்கொண்டு வந்தார். நல்ல பாரி உடம்பு. ஒரு மூட்டையைத் தூக்கிப் பார்த்த நாளிலிருந்து இடது காலில் நரம்பு இழுக்கிறது என்றார். மரத்தடியில் கிடந்த பழைய உரலின் மேல் ஏற்றிக் கிளையைப் பிடிக்கச் செய்து, உரலை உருட்டிவிட்டார் சேவுகன். செல்லமுத்து கண்ணை இறுக மூடிக்கொண்டார். பாரத்தில் கிளை மெல்ல மெல்லத் தாழ்ந்தது. அந்த நேரம் பார்த்து வாய்க்கால் உடைப்பெடுத்துத் தண்ணீர் பக்கத்துக் காட்டுக்குள் பாய, "இந்தா வந்துட்டேன்" என்று மண்வெட்டியோடு ஓடினார் சேவுகன்.

கஞ்சி கொண்டுவந்த அமராவதி, மரத்தடியில் ஓர் ஆள் கண்ணை மூடியபடி, "ஐயா! கெணத்துல விழுந்திருவேன்! யாராச்சும் வாங்க!" என்று கதறுவதைக் கேட்டாள். கிணறு அங்கிட்டு இருபதடி தள்ளி இருந்தது. அவருடைய கால் கட்டை விரல் தரையில் உரசிக்கொண்டிருந்தது.

"கால ஊனுங்க அண்ணே. தரை இருக்கு" என்றாள்.

"நெசமாவா?"

"நெசமாத்தான். நான் நிக்கிறேன்ல."

செல்லமுத்து ஒரு காலை ஊன்றினார். பிறகு மறு காலை ஊன்றினார். அப்புறந்தான் கண்ணைத் திறந்து கிணறு எங்கே இருக்கிறது என்று தேடினார். வேர்த்து விறுவிறுத்துப் போயிருந்தது.

உடைப்பை அடைத்துவிட்டு வந்த சேவுகன், "காலு இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"காலா?" என்று செல்லமுத்து குனிந்து தன் காலைப் பார்த்தார். "அட, அந்த நெனப்பே இல்லாமப் போச்சேய்யா!"

அமராவதி அவருக்கும் ஒரு செம்பு கஞ்சி ஊற்றினாள்.