அறுபத்தொன்று புள்ளி நான்கு

சின்னராசுவும் வசந்தகுமாரியும் கேரவனை இழுத்துக்கொண்டு முதல் நெடும்பயணம் கிளம்பியது 2023 ஜூன் ஆறாம் தேதி, செவ்வாய்க்கிழமை. வசந்தகுமாரி செவ்வாயில் ஊசிகூட வாங்காதவர். சிங்கப்பூர் தேக்கா சந்தையின் மாடியில் முப்பத்தோரு வருடம் தையல் கடை நடத்தியும், செவ்வாயன்று புதுத்துணியில் கத்தரி வைத்ததில்லை. "செவ்வாயோ வெறுவாயோ" என்று சொல்லி எத்தனையோ மணப்பெண்களின் ரவிக்கையைப் புதனுக்குத் தள்ளியவர். அப்படிப்பட்டவர், "வெள்ளி வரைக்கும் எதுக்குங்க காத்துக்கிட்டு? செவ்வாயே போயிடலாம்" என்றபோது சின்னராசு சிரித்தாரே ஒழிய, ஏன் என்று கேட்கவில்லை.

கேரவன் சிங்கப்பூரில் இல்லை. செங்காங்கில் பதினோராவது மாடியில் இருக்கிறவர்கள் அதை எங்கே கொண்டுபோய் நிறுத்துவது? கீழே கோடு போட்ட இடத்தில் ஒரு கார்தான் நிற்கும். அதனால் ஜொகூர் பாலத்துக்கு அந்தப் பக்கம், மலேசியாவின் கூலாயில் கார்ப் பட்டறை வைத்திருந்த உமைரின் முற்றத்தில் அது நின்றது. பதினான்கு அடி நீளம், இரண்டு பேர் படுக்கலாம், ஓர் அடுப்பு, ஒரு தண்ணீர்த் தொட்டி. பழைய வண்டிதான். இழுத்துப் போக உமைர் தன் பிக்கப் வண்டியையே கொடுத்திருந்தான்.

வாங்கப் போகிறேன் என்று சின்னராசு முதலில் சொன்னபோது வசந்தகுமாரி தையல் இயந்திரத்திலிருந்து காலை எடுக்காமலே கேட்டார்: "கேரவன் நடிகைங்களுக்குத்தானே? எனக்கு மேக்கப் போட யாரு வருவா?" பிறகு ஒரு நாள் அவராகவே ஒரு நிபந்தனை போட்டார். கடையில் முப்பத்தோரு வருடம் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாயிற்று. வீட்டில் ஜன்னலைத் திறந்தால் எதிர் அடுக்குமாடிப் புளோக், அங்கே காயும் துணி, அதற்குப் பின்னால் இன்னொரு புளோக். "காலையில கதவத் திறந்தா எதிர் புளோக் தெரியக்கூடாது. ஒரு நாள் போதும்." கேட்டது அவ்வளவுதான். அந்த ஒரு நாளுக்காகத்தான் சின்னராசு இரண்டு வருடம் வரைபடம் பார்த்தார். ஜொகூரிலிருந்து கிழக்குக் கரையோரமாகவே தாய்லாந்து எல்லை வரை போய்த் திரும்புவது, பதினெட்டு நாள்.

அன்று காலை உமைரின் முற்றத்தில் சின்னராசு முதலில் செய்த காரியம், வீட்டிலிருந்து கொண்டுவந்த எடைபார்க்கும் கருவியைத் தரையில் வைத்து, அது ஆடாமல் அடியில் அட்டை கொடுத்தது. பானை, அரிசி, எரிவாயு உருளை, மடக்கு நாற்காலி எல்லாம் அதில் ஏறி இறங்கின.

"அண்ணே, நாங்க ஆட்டைத்தான் இப்படி எடை போடுவோம்" என்றான் உமைர். "நீங்க அக்காவையே ஏத்தப் போறீங்க!"

"நீயும் ஏறு. உன் பிக்கப்புல நீ விட்டு வெச்சிருக்கிற ஸ்பேனரெல்லாம் யாரு கணக்கு?"

"அவரை விடு தம்பி" என்றார் வசந்தகுமாரி. "பொண்ணு பாக்க வந்தன்னிக்கே கண்ணாலே நிறுத்தவரு."

சின்னராசுவின் தொழில் அப்படி. சாங்கி விமான நிலையத்தில் முப்பத்து நான்கு வருடம் விமானங்களின் எடையைப் பங்கிட்டவர். எந்தப் பெட்டி எந்த அறைக்கு, முன்னால் எவ்வளவு, பின்னால் எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதுவார். அதுதான் லோட்ஷீட். அதில் கேப்டன் கையெழுத்துப் போட்டால்தான் விமானம் நகரும். கதவு மூடும் நேரத்தில் ஒரு பயணி கூடினாலும் குறைந்தாலும், 'கடைசி நேர மாற்றம்' என்ற கட்டத்தில் எழுதியாக வேண்டும். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. கேரவனுக்கும் அதே மாதிரித் தாள் அச்சடித்து வைத்திருந்தார். அவர் தயாரிப்பார், கேப்டன் என்ற இடத்தில் வசந்தகுமாரி கையெழுத்துப் போடுவார். கேரவன் ஜன்னலுக்கு வசந்தகுமாரி தைத்த திரைச்சீலைகூட அதில் ஏறியிருந்தது. காற்றில் பறக்காமலிருக்கத் திரைச்சீலையின் அடி மடிப்பில் ஈயமணிச் சரம் வைத்துத் தைப்பார்கள். செங்காங்கில் புதுவீடு வாங்கியவர்களுக்கெல்லாம் வசந்தகுமாரிதான் அப்படித் தைத்துக் கொடுத்தார். 'திரைச்சீலை, ஈயத்துடன்: 2.1' என்று சின்னராசு எழுதியிருந்தார்.

வசந்தகுமாரி வழக்கமாகப் பயணத்துக்குச் சுடிதார்தான் போடுவார். அன்று சேலை கட்டியிருந்தார். "கேப்டன் யூனிபார்மா?" என்று சின்னராசு கிண்டல் செய்தார். வசந்தகுமாரி கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஏறி நின்றார்.

அறுபத்தொன்று புள்ளி நான்கு.

ஜனவரியில் பத்து மைல் வெள்ளோட்டம் போனபோதும் அதே எண். ஏப்ரலில் ஒரு ராத்தங்கலுக்குப் போனபோதும் அதே எண். சின்னராசுவுக்குப் பெருமையாகக்கூட இருந்தது. "பாத்தியா உமைர், அறுபது வயசுல உடம்ப எப்படி வெச்சிருக்கா!" வசந்தகுமாரி தாளை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

கோத்தா திங்கியைத் தாண்டியதும் கேரவன் வாலை ஆட்டத் தொடங்கியது. சின்னராசு ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்து மெல்ல ஓரங்கட்டி, இறங்கிப் போய்ப் பார்த்தார். இரண்டு அரிசி மூட்டையும் பின்பக்கம் போயிருந்தன.

"கால் நீட்ட இடமில்லைன்னு நான்தான் தள்ளி வெச்சேன்" என்றார் வசந்தகுமாரி.

"கனம் எப்பவும் முன்னாடி, இழுக்கிற கொக்கிப் பக்கம் இருக்கணும் வசந்தா. பின்னாடி கனத்தா வண்டி நம்ம பேச்சைக் கேக்காது. மாத்தினா மாத்தினேன்னு எழுதிடு. சொல்லாம மாத்தறதுதான் ஆபத்து."

வசந்தகுமாரி அச்சடித்த தாளில் ஒன்றை எடுத்துக்கொண்டார். பிறகு, "சரிங்க, எழுதிடறேன்" என்றார்.

ஐந்தாம் நாள் காலை மாராங்குக்குத் தெற்கே, சவுக்கு மரங்களுக்கு நடுவில் வண்டி நின்றது. சின்னராசு விழித்தபோது கதவு திறந்திருந்தது. படிக்கட்டில் வசந்தகுமாரி. எதிரே கடல். அது தவிர எதுவுமே இல்லை. கையிலிருந்த தேநீர் ஆறி ஆடை கட்டியிருந்தது. இரண்டு மணிநேரம் அவர் அப்படியே உட்கார்ந்திருந்தார். சின்னராசு உள்ளேயே இருந்து வெங்காயம் நறுக்கினார். பிறகு தண்ணீர் பிடிக்கப் பக்கத்துத் தோட்டக்காரர் வீட்டுக்குப் போய்விட்டு வந்தார். திரும்பி வந்தபோது வசந்தகுமாரி சுடிதாரில் இருந்தார். முன் பெஞ்சின் மூடியை அப்போதுதான் சாத்தினார். என்ன என்று சின்னராசு கேட்கவில்லை. பெண்கள் துணிமணி.

ஏழாம் நாள் வசந்தகுமாரியால் எழுந்து நிற்க முடியவில்லை. குடித்த தண்ணீரும் தங்கவில்லை. கண்ணின் வெள்ளை மஞ்சளாகியிருந்தது. தாய்லாந்து எல்லைக்கு இன்னும் இருநூறு கிலோமீட்டர் இருந்தது. சின்னராசு வண்டியைத் திருப்பினார். ஒன்றரை நாள் ஓட்டி, கூலாயில் கேரவனை அப்படியே விட்டுவிட்டு, டாக்சியில் பாலம் தாண்டி மருத்துவமனைக்குப் போனார்.

வார்டில் தாதி எடை பார்த்தாள். ஐம்பத்து மூன்று புள்ளி இரண்டு.

"உங்க மெஷின் தப்பும்மா" என்றார் சின்னராசு. "போன வாரம் நானே நிறுத்தேன்."

தாதி சிரித்துவிட்டு வேறொரு கருவியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். அதிலும் ஐம்பத்து மூன்று புள்ளி இரண்டு.

கணையத்தில் கட்டி என்றார் மருத்துவர். உடல் மெலிவு இன்று நேற்று வந்ததாக இருக்காது, நான்கைந்து மாதமாகவே இருக்கும், வீட்டில் யாரும் கவனிக்கவில்லையா என்று கேட்டார். சின்னராசு சட்டைப் பையிலிருந்து மூன்று லோட்ஷீட்டையும் எடுத்து மேசையில் விரித்தார். மருத்துவர் அவற்றை மரியாதையாகப் பார்த்துவிட்டு மடித்துக் கொடுத்தார். வட்டாரப் பாலிகிளினிக்கில் மே மாதமே பெரிய மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்திருப்பதும், ஜூன் முதல் வாரத்துத் தேதியை வசந்தகுமாரி தானே போன் செய்து மாத இறுதிக்குத் தள்ளிப்போட்டிருப்பதும் அவர்களுடைய கணினியில் இருந்தது. கொஞ்சம் முன்னால் வந்திருந்தால்? "பெரிய வித்தியாசம் இருந்திருக்குமென்று சொல்ல முடியாது" என்றார் மருத்துவர். இருந்திருக்காது என்றும் அவர் சொல்லவில்லை.

மெல்பர்னில் இருந்த மகள் யாமினி ஓடி வந்தாள். வார்டுக்கு வெளியே, லிப்ட் பக்கத்தில் வைத்து அப்பாவைப் பிடித்துக்கொண்டாள். "அப்பா, you weighed her! மூணு தடவ! ஊருல இருக்கிற பிளேனையெல்லாம் கிராம் கணக்குல பாப்பீங்க, அம்மாவுக்கு எட்டு கிலோ குறைஞ்சது தெரியலையா?"

"அறுபத்தொண்ணு புள்ளி நாலு இருந்துச்சும்மா."

"எப்படிப்பா இருக்கும்?"

சின்னராசு லிப்ட் பொத்தானை அழுத்தினார். வீட்டுக்குப் போய்ப் பத்துக் கிலோ அரிசிப் பையை அந்தக் கருவியில் வைத்தார். பத்து. விமான நிலையச் சரக்குக் கொட்டகையில் கூட வேலை பார்த்த நடேசனிடம் கொண்டுபோய், முத்திரை போட்ட எடைக்கல் வைத்துப் பார்க்கச் சொன்னார். "உன்னைவிட இது நிதானமா இருக்கு" என்றார் நடேசன். வீடு திரும்பிய சின்னராசு அலமாரியில் வசந்தகுமாரியின் ரவிக்கைகளை எடுத்துப் பார்த்தார். ஒவ்வொன்றிலும் பக்கத் தையல் பிரிக்கப்பட்டு, அரை அங்குலம், ஓர் அங்குலம் என்று உள்ளே பிடிக்கப்பட்டிருந்தது. எதுவும் தொளதொளவென்று தெரியாததற்குக் காரணம் அதுதான். துணியில் ஏமாந்தது புரிந்தது. தராசு ஏமாற்றியதுதான் புரியவில்லை.

அப்போதுதான், வேலைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் தாமே சொல்லி வந்தது அவருக்கு ஞாபகம் வந்தது. மனுசன் எடை தினம் ஒரு மாதிரி இருக்கும். புள்ளி விடாமல் ஒரே எண் மூன்று முறை வந்தால் நம்பாதே, மறுபடி நிறு.

மருந்து மயக்கம் தெளிந்த ஒரு பிற்பகலில் வசந்தகுமாரியிடம் அதைக் கேட்டே விட்டார். "வசந்தா, தராசுல எப்படி..."

வசந்தகுமாரி கண்ணைத் திறக்காமல் கேட்டார். "சாமானெல்லாம் இறக்கியாச்சா?"

"எங்க?"

"கேரவன்ல. ஒண்ணொண்ணா சரிபாத்து இறக்குவீங்கல்ல, அப்படி இறக்குங்க."

"அதுக்கென்ன இப்ப அவசரம்? அரிசி வண்டு வெச்சா வெச்சிட்டுப் போகுது. உமைர் பாத்துப்பான்."

"உமைர் இல்ல. நீங்க இறக்கணும்."

சரி என்றார். ஆனால் போகவில்லை. அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்க வசந்தகுமாரிக்கு நினைவு தங்கவில்லை. ஆகஸ்ட் பத்தொன்பதாம் தேதி எல்லாம் முடிந்தது.

காரியமெல்லாம் முடிந்த பின் சின்னராசு உமைருக்குப் போன் செய்து, வண்டியை நீயே வைத்துக்கொள், எனக்கு அதைப் பார்க்க முடியாது என்றார். "அக்கா வண்டிண்ணே. நான் தொடமாட்டேன். நீங்க வர வரைக்கும் நிக்கட்டும்" என்று உமைர் அதன்மேல் தார்ப்பாய் போட்டுக் கட்டினான். சின்னராசு வரவில்லை. ஒவ்வொரு பயணம் முடிந்ததும் சாமான்களைத் தாளோடு ஒப்பிட்டு இறக்கிய மனிதர், அந்த ஒரு தடவை கதவைத் திறக்கவே இல்லை. தேக்காவுக்குக் காய் வாங்கப் போவார். மாடிப்படியை மட்டும் மிதிக்க மாட்டார். யாமினி வாரம் ஒரு முறை பேசுவாள். சாப்பாடு, மழை, மருந்து. எடையைப் பற்றி இருவருமே பேசுவதில்லை. எடைபார்க்கும் கருவி கட்டிலுக்கடியில் கிடந்தது. சில நாள் அதை இழுத்து, அரிசிப் பையை வைத்துப் பார்ப்பார். பத்து. எப்போதும் பத்து.

2025 நவம்பரில் ஒரு திங்கட்கிழமை, சாப்பிட்ட தட்டைக் கழுவிக்கொண்டிருந்தபோது போனில் உமைரின் குரல் வந்தது.

"அண்ணே, கோச்சுக்காதீங்க. மழையில கூரை ஒழுகுது, அதனால திறந்துட்டேன். முன்னாடி பெஞ்சுக்குக் கீழ, கொக்கிப் பக்கம், அக்காவோட உள்பாவாடை ஒண்ணு இருக்கு. பழைய துணின்னு ஒரு கையால தூக்கினேன், கையை இழுத்துருச்சுண்ணே! கல்லு மாதிரி கனம். சுத்திச் சுத்திப் பட்டி வெச்சு, உள்ள பூரா ஈயமணி தெச்சிருக்காங்க. எதுக்குன்னே தெரியல. இடுப்புப் பட்டியில ஒரு பேப்பர் குத்தியிருக்கு. எனக்குத் தமிழ் படிக்க வராது, போட்டோ அனுப்பறேன் பாருங்க."

சின்னராசு ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு படத்தைப் பெரிதாக்கினார். அவர் அச்சடித்த தாள்தான். கடைசி நேர மாற்றம் என்ற கட்டத்தில், ரவிக்கை அளவு எழுதும் அதே குண்டு குண்டான எழுத்து:

தேதி: 10.6.2023
வசந்தகுமாரி: 55.0
பாவாடை ஈயம்: 6.4
மொத்தம்: 61.4
இருக்குமிடம்: முன்னாடி, நீங்க சொன்ன மாதிரி
குறிப்பு: சொல்லியிருந்தா நீங்க கிளம்பியிருக்க மாட்டீங்க. இன்னிக்குக் கதவத் திறந்தேன். எதிர் புளோக் இல்ல.