இஸ்மாயில் பாய் திருப்பித் தராத முன்கட்டை

போன வெள்ளிக்கிழமை காலையில் அப்பாவுக்கு ஒரு போன் வந்தது. பேசி முடித்துவிட்டு என்னைப் பார்த்தார். "அந்த பாய் போன வாரமே செத்துட்டானாம். சாமானயெல்லாம் அவங்கவங்ககிட்ட மவன் திருப்பிக் குடுக்கிறானாம். போய் முன்கட்டைய வாங்கிட்டு வா."

துப்பாக்கி பழுது பார்க்கும் இஸ்மாயில் பாய் இறந்த செய்தி எனக்கு இப்படித்தான் வந்தது. அம்மாவும் நானும் அழவில்லை. பயம்தான் முதலில் வந்தது.

எங்கள் தாத்தா பிரெஞ்சு பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்தவர். அவருடைய இரட்டைக் குழல் துப்பாக்கி உரிமத்தோடு அப்பாவுக்கு வந்தது. ஒருநாள் குடித்துவிட்டு அதை அம்மா மீது ஓங்கினார். அம்மா விலகியதால் அது நிலைக்காலில் பட்டது. குழலுக்கு அடியில் கை பிடிக்கும் மரம், முன்கட்டை, விரிசல் விட்டுவிட்டது. "அடுத்த தடவ ஓங்க மாட்டேன், சுடுவேன்" என்றார். சொன்னதைச் செய்கிறவர் அவர். அம்மாவைத் தனியே விடப் பயந்து நான் அதற்கு முன்பே எட்டாவதோடு பள்ளியை விட்டிருந்தேன்.

துப்பாக்கியை வீட்டில் வைத்துக்கொண்டு, முன்கட்டையை மட்டும் என்னிடம் கொடுத்தனுப்பினார். பாய் அதைத் திருப்பிப் பார்த்தார்.

"எண்ண ஊறி மரம் மக்கியிருக்குது. இரும்பு பதியிற எடம் சன்னமா வேற இருக்குது. இன்னா பண்ணீங்க, துணி தொவைச்சீங்களா இத வெச்சி?"

அந்நியரிடம் எனக்குப் பேச வராது. தரையைப் பார்த்துக்கொண்டு, "இது இல்லாம சுட முடியுமா?" என்று மட்டும் கேட்டேன்.

அவர் சிரிப்பு நின்றது. என் முழங்கையில் இருந்த காயத்தைப் பார்த்தார். "முடியாதும்மா. கொழல மடக்கும்போது இதுக்குள்ள இருக்கிற இரும்புதான் சுத்தியல ஏத்தும். வேற துப்பாக்கியோடது இதுக்குச் சேராது." பிறகு மெதுவாக, "ஸ்டேஷனுக்கு வரச் சொல்லு அம்மாவ. நான் கூட வர்றேன்" என்றார். வீட்டில் சொன்னபோது அம்மா மறுத்துவிட்டார். மறுநாள் போய் அதைச் சொன்னேன். "அப்போ நாள் ஆவும்னு அப்பாகிட்ட சொல்லிடு" என்றார் பாய்.

அதன்பிறகு அப்பா அனுப்பும்போதெல்லாம் போவேன். எண்ணெய் இன்னும் இறங்கவில்லை என்பார். மழையில் பசை காயவில்லை என்பார். விரிசலைப் பிடிக்கும் பித்தளை ஊசி சரியாக அமையவில்லை, மறுபடி துளைக்க வேண்டும் என்பார். ஒருநாள் அப்பாவே கடைக்கு வந்துவிட்டார்.

"ஒரு கட்டைய ஒட்டத் தெரில. நீயெல்லாம் இன்னாத்துக்குய்யா கட வெச்சிருக்க?"

"வயசாயிடுச்சுங்க. கை நடுங்குது" என்று பாய் தலை குனிந்தார். பக்கத்து டீக்கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். உழவர்கரையிலிருந்து தவளக்குப்பம் வரை அப்பா இதைச் சொல்லித் திரிந்தார். சிலர் தங்கள் துப்பாக்கிகளை வேறு ஊருக்குக் கொண்டுபோனார்கள்.

"உங்க பேரு கெடுதே பாய்" என்றேன் ஒருநாள்.

"கெட்டா கெட்டுட்டுப் போவுது. அம்மா சாப்பிட்டாங்களா?" என்றார்.

வெள்ளிக்கிழமை அம்மாவும் என்னோடு வந்தார். பாயின் மகன் முன்கட்டையைத் துணியில் சுற்றி நீட்டினார். "அத்தா உங்கள ரொம்ப அலைய வெச்சிட்டாரு. மன்னிச்சிக்குங்க." அவரிடம்கூட பாய் சொல்லியிருக்கவில்லை. நான் அதை வாங்காமல், நடந்த எல்லாவற்றையும் சொன்னேன். அவ்வளவு நேரம் நான் யாரிடமும் பேசியதில்லை. அவர் முன்கட்டையை எடுத்துக்கொண்டு கடையைப் பூட்டினார். "வாங்க, ஸ்டேஷனுக்குப் போலாம்" என்றார். இந்த முறை அம்மா மறுக்கவில்லை.

சாயங்காலம் போலீசார் எங்கள் வீட்டிலிருந்து துப்பாக்கியை ஸ்டேஷனுக்கு எடுத்து வந்தார்கள். ஏட்டு ஒருவர் முன்கட்டையைப் பொருத்தி அழுத்தினார். இடைவெளியே இல்லாமல் உட்கார்ந்தது. ஆட்டிப் பார்த்தார், அசையவில்லை. விரிசல் இருந்த இடத்தை என்னாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை. கழற்றித் திருப்பியபோது உள்ளே குறுக்காகப் போட்ட பித்தளை ஊசிகள் தெரிந்தன. அவற்றின் மேல் தூசி படிந்திருந்தது.

"இது எப்பவோ முடிஞ்ச வேல ஆச்சே" என்றார் ஏட்டு. மகன் அதைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

இஸ்மாயில் பாய்க்கு வேலை தெரியாது என்று கேள்விப்பட்டவர்கள் எங்கள் ஊரில் நிறையப் பேர். அவர்கள் படிக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

அம்மாவும் நானும் இப்போது வேறிடத்தில் இருக்கிறோம். எங்கே என்று எழுத முடியாது. யாராவது கதவைத் தட்டினால் அம்மா இன்னும் சுவரோடு ஒட்டிக்கொள்கிறார். நான் போய்த் திறக்கிறேன், பாய். நீங்கள் உறங்குங்கள்.